நிலமா, மணலா, கோக்கா, கல்லா? கழிவுநீர்ப் படுகைகளில் எதைத் தேர்வது

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஒரு நடுத்தர ஊரின் நகராட்சி உறுப்பினராக இருந்திருந்தால், உங்கள் மேசைக்கு வந்த கோப்புகளிலேயே சிக்கலானது கழிவுநீர்க் கோப்பாகத்தான் இருந்திருக்கும். வீடுகளில் தண்ணீர்க் கக்கூஸ் வந்துவிட்டது. தெருவுக்கு அடியில் குழாயும் போட்டாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து ஆற்றில் போய் விழுகிறது. ஆற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1876-லேயே வந்துவிட்டதால், கீழே உள்ள ஊர்க்காரர்கள் வழக்குப் போடத் தயாராக இருக்கிறார்கள். சுண்ணாம்பு போன்ற ரசாயனங்களைக் கலந்து கசடைப் படிய வைக்கும் பழைய முறை நீரைத் தெளிய வைத்தது, ஆனால் கரைந்த அழுக்கை விட்டுவிட்டது. தெளிந்து போன நீர் வெயில் காலத்தில் ஆற்றில் மறுபடியும் நாறியது. படிந்த கசடோ மலையாகக் குவிந்தது. லண்டன் மாநகரம் 1887 முதல் அதைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கடல் இல்லாத ஊர் என்ன செய்யும்?

அந்த ஊருக்கு அப்போது நான்கு வழிகள் இருந்தன. கழிவுநீரை வயலில் பாய்ச்சலாம். மணல் படுகையில் இடைவெளி விட்டு ஊற்றலாம். கோக், அதாவது நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கரியின் துண்டுகள் போட்ட தொட்டியில் நிரப்பி, நிறுத்திவைத்து, வடிக்கலாம். இதற்குக் கான்டாக்ட் பெட் என்று பெயர். அல்லது ஆள் உயரத்துக்கு அடுக்கிய கற்கள் மேல் தெளித்துச் சொட்டவிடலாம்; இது டிரிக்ளிங் ஃபில்டர். நான்கிலும் உண்மையில் வேலை செய்பவை காற்று கிடைத்தால் மட்டுமே வாழும் நுண்ணுயிர்கள்தான்.

இந்த நான்கையும் ஒப்பிட்டவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்டது, வெளியே வரும் நீர் எவ்வளவு சுத்தம் என்பதை. எனக்கு அது இரண்டாவது கேள்விதான். ஒழுங்காக நடத்தினால் நான்குமே நல்ல நீரைத் தரும். ஐந்து ஆண்டு கழித்தும் அந்தப் படுகைக்குள் காற்று போகுமா என்பதே முதல் கேள்வி. அதை முன்னால் வைத்துப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது, சில நகரங்கள் ஏன் பெரும் செலவு செய்து தவறான பக்கம் போயின என்பதும் விளங்குகிறது.

காற்றின் கதை

எட்வர்ட் ஃபிராங்க்லேண்ட் என்ற வேதியியலாளர் 1868-க்குப் பிறகு, ஆற்று மாசு ஆணையத்துக்காக, உயரமான குழாய்களில் மண்ணையும் மணலையும் நிரப்பிக் கழிவுநீரை ஊற்றிப் பார்த்தார். ஓயாமல் ஊற்றினால் சில நாளில் வேலை நின்றுவிட்டது. ஊற்றி, வடியவிட்டு, மண்ணுக்குள் காற்று நுழைய நேரம் கொடுத்து, மறுபடி ஊற்றினால் மாதக்கணக்கில் நல்ல நீர் வந்தது. ஓய்வும் வேலையின் ஒரு பகுதி என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஆனால் உள்ளே நடப்பது வேதிவினை என்றே நினைத்தார்.

அது உயிர்களின் வேலை என்று காட்டியவர்கள் பிரான்ஸின் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும். 1877-ல் ஒரு மீட்டர் நீளக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிக் கழிவுநீரை மெதுவாக இறக்கினார்கள். இருபது நாள் வரை ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அப்புறம், அம்மோனியா ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும் வடிவமான நைட்ரேட் தலைகாட்டியது, சீக்கிரமே அம்மோனியா காணாமல் போனது. வேதிவினையாக இருந்தால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டாமா? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றது. கொஞ்சம் தோட்ட மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. இவ்வளவு எளிய சோதனையில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அபூர்வம். கழிவுநீர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

மூன்றாவது அடியை அமெரிக்கர்கள் எடுத்து வைத்தார்கள். மாசசூசெட்ஸ் மாநில சுகாதார வாரியம் 1887-ல் லாரன்ஸ் என்ற ஆலை நகரத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில், ஒரு சோதனை நிலையம் அமைத்தது. ஒவ்வொன்றும் 1/200 ஏக்கர் பரப்புள்ள பெரிய தொட்டிகளில் விதவிதமான மணலும் சரளையும் நிரப்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். 1890-ல் வெளியான அறிக்கையில் ஒரு முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. எதையும் சலித்து நிறுத்த முடியாத பெரிய கூழாங்கற்களில் கழிவுநீர் மெல்லிய ஏடாகப் படர்ந்து, காற்றுடன் சேர்ந்து, மெதுவாக இறங்கியபோது, மாதக்கணக்கில் 97 சதவீத நைட்ரஜன் கரிமப் பொருளும் 99 சதவீத பாக்டீரியாவும் நீங்கின. ஆக, படுகை வேலை செய்வது சல்லடையாக அல்ல. கல்லின் மேல்பரப்பும், அதில் படரும் நீரும், பக்கத்தில் காற்றும் இருந்தால் போதும். இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கான்டாக்ட் பெட், டிரிக்ளிங் ஃபில்டர் இரண்டும் கிளைத்தன.

வயல்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கழிவுநீர்ப் பண்ணையின் நல்லது எல்லோருக்கும் தெரியும்: உரம் வீணாகாது, விளைச்சல் வரும், எந்திரம் வேண்டாம். பாரிஸுக்கு ஜென்வில்லியேவிலும் பெர்லினைச் சுற்றியும் பெரிய பண்ணைகள் நடந்தன. சிக்கல் இடத்தில்தான். நூறு பேருக்கு ஒரு ஏக்கர் என்பது அந்தக் காலத்து உத்தேசக் கணக்கு. பத்தாயிரம் பேர் உள்ள ஊருக்கு நூறு ஏக்கர், அதுவும் நீர் வடியும் மண்ணாக இருக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் நூறு ஏக்கரும் போதாது. பயிருக்குத் தண்ணீர் வேண்டாத மழை நாளில்தான் கழிவுநீர் இரண்டு மடங்காக வரும். விவசாயிக்கு வேண்டியதும் ஊருக்கு வேண்டியதும் அன்றைக்கு நேர் எதிராக நிற்கும். அளவுக்கு மீறிப் பாய்ச்சப்பட்ட நிலம் மூச்சடைத்துக் கறுத்துப்போகும். பர்மிங்காம் நகரம் ஏறத்தாழ 2,800 ஏக்கர் பண்ணை வைத்திருந்தும் கடைசியில் படுகைகளுக்கு மாற வேண்டியிருந்தது. வளரும் நகரத்துக்கு நிலத்தை வாங்கி மாளாது.

இருந்தும் பல ஊர்கள் வயலையே பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. நகராட்சி கடன் வாங்க வேண்டுமானால் உள்ளாட்சி வாரியம் என்ற மத்திய அரசு அமைப்பின் அனுமதி வேண்டும். செயற்கைப் படுகையில் சுத்தம் செய்த நீரையும் கடைசியில் நிலத்தில் பாய்ச்சித்தான் ஆற்றில் விட வேண்டும் என்று அந்த வாரியம் வற்புறுத்தியது. எப்படியும் நிலம் வாங்க வேண்டும் என்றால் படுகைக்கு எதற்குத் தனியாகச் செலவு என்று உறுப்பினர்கள் கேட்டதில் தவறில்லை. 1898-ல் அமைக்கப்பட்ட கழிவுநீர் அரச ஆணையம், 1901-ல் தன் இடைக்கால அறிக்கையில், நிலம் இல்லாமலே செயற்கை முறையில் ஏற்கத்தக்க நீரைப் பெற முடியும் என்று சொன்ன பிறகுதான் இந்த முட்டுக்கட்டை தளர்ந்தது.

மணல்

வயலையே சுருக்கி, பயிரை விட்டுவிட்டு, வடிகாலை நன்றாகப் போட்டால் கிடைப்பது மணல் படுகை. வேல்ஸில் மெர்தர் டிட்ஃபிலில் 1871-ல் பெய்லி டென்டன் 20 ஏக்கரை நான்கு பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாளில் ஆறு மணி நேரம் பாய்ச்சல், பதினெட்டு மணி நேரம் ஓய்வு என்று முறை வைத்து நடத்தினார். ஃபிராங்க்லேண்டின் குழாய் அங்கே ஊர் அளவுக்குப் பெரிதானது.

இந்த முறை உண்மையில் செழித்தது மாசசூசெட்ஸில். அங்கே பனியாறுகள் விட்டுப்போன மணல் ஊருக்கு ஊர் கிடக்கிறது. மேல்மண்ணை வழித்து, கரை கட்டி, நாலைந்து அடி ஆழத்தில் வடிகுழாய் பதித்தால் படுகை தயார். ஃபிரேமிங்காம், பிராக்டன் போன்ற ஊர்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டன. எந்த மணல் தேறும் என்பதற்கு லாரன்ஸ் நிலையத்தின் ஆலன் ஹேஸன் ஓர் அளவுகோலும் கொடுத்தார்: எடையில் பத்து சதவீத மணல் எந்த அளவைவிடப் பொடியாக இருக்கிறதோ அந்த அளவுதான் கணக்கில் வரும் என்றார். படுகையின் போக்கைத் தீர்மானிப்பது பொடி மணல்தான் என்பது இதன் உட்பொருள். இன்றும் வடிகட்டி மணல் வாங்கும்போது கேட்கும் அளவு இதுவே.

தரத்தில் நான்கு வழிகளிலும் மணலுக்கு நிகர் எதுவும் இல்லை. கண்ணாடி போல, வாடையில்லாமல், அம்மோனியா நைட்ரேட்டாக மாறிவிட்ட நீர் வரும். நடத்துவதற்கும் பெரிய ஞானம் வேண்டாம். மேலே படியும் தோலைக் கிளறிவிட்டு, அவ்வப்போது வழித்தெடுக்கும் ஆள் போதும். குளிர்காலத்துக்கு அவர்கள் செய்த ஏற்பாடு அழகானது. பனி தொடங்கும் முன் படுகையை ஏர் உழுததுபோல் வரப்பும் சாலுமாகப் பிரித்துவிடுவார்கள். முதல் உறைபனியில் கழிவுநீரின் மேல் ஏடு பனிக்கட்டியாகும். நீர் கீழே வடிந்ததும் அந்தக் கட்டி வரப்புகளின் மேல் கூரைபோல் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த நாள் வரும் வெதுவெதுப்பான கழிவுநீர் கூரைக்கு அடியில் சால்களில் ஓடி, உறையாமல் மணலில் இறங்கும். ஒரு மண்வெட்டி வேலை, குளிர்காலம் முழுக்கக் காப்பு.

ஆனால் ஆயிரம் பேருக்கு ஒரு ஏக்கர் வேண்டும். நம் பத்தாயிரம் பேர் ஊருக்குப் பத்து ஏக்கர். மணல் காலடியில் கிடந்தால் இது மலிவு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் களிமண் மேல் உட்கார்ந்திருக்கும் தொழில் நகரத்துக்கு மணலை ரயிலில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அங்கே கிடைத்தது உலைகளிலிருந்து வந்த கிளிங்கர் என்ற சாம்பல் கட்டியும், இரும்பாலைக் கசடும், கேஸ் தொழிற்சாலை கோக்கும். ஆங்கிலேயர்கள் மணலை விட்டுக் கட்டிக்கும் கல்லுக்கும் போனதில் ரசனைக்கு இடமே இல்லை, கையில் கிடைத்த சரக்கு அதுதான்.

கான்டாக்ட் பெட்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வில் அதிகம் பேர் ஏமாந்தது இங்கேதான், ஏமாந்தவர்கள் முட்டாள்களும் இல்லை.

வில்லியம் டிப்டின் லண்டன் நகர நிர்வாகத்தின் தலைமை வேதியியலாளர். கழிவுநீரில் உள்ள உயிர்களைக் கொல்லாமல் அவற்றை வேலை வாங்குவதே சரியான வழி என்று 1887-லேயே பொறியாளர்கள் முன் பேசியவர். பார்க்கிங் கழிவுநீர் நிலையத்தில் சின்னத் தொட்டிகளில் சுட்ட களிமண், சரளை, மணல், கோக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கோக்தான் நல்லது என்று முடிவு செய்தார். 1893-ல் ஒரு முழு ஏக்கரில் மூன்றடி ஆழத்துக்குக் கோக் தூளைப் பரப்பி, மேலே மூன்று அங்குலம் சரளை போட்டார்கள். ஆரம்பத்தில் அவசரப்பட்டு அதிகம் ஊற்றியதில் படுகை அடைத்துக்கொண்டு நாறியது. நீண்ட ஓய்வு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக்கொண்டு போனதும் அதே படுகை நாளுக்குப் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 45 லட்சம் லிட்டர் வரை ஏற்றுக்கொண்டது. 1896-ல் சரே மாவட்டத்தின் சட்டன் ஊரில் இதை இரண்டு அடுக்காகச் செய்தார்கள்: முதலில் பெரிய துண்டுகள் உள்ள படுகை, அதிலிருந்து வடிந்த நீருக்குச் சிறிய துண்டுகள் உள்ள இன்னொரு படுகை. ரசாயனம் போடவில்லை, கசடைத் தனியாகப் பிரிக்கவும் இல்லை.

நடைமுறை இப்படி. ஷட்டரைத் திறந்து ஒரு மணி நேரம் நிரப்புவது. துண்டுகளின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நீர் நின்றதும் மூடி, இரண்டு மணி நேரம் அப்படியே விடுவது. அடி வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் வடிப்பது. நீர் இறங்க இறங்க மேலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படும். பிறகு நாலு மணி நேரம் காலியாகக் கிடக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எட்டு மணி நேரம், நாளுக்கு மூன்று சுற்று. நீர் நிற்கும்போது அழுக்கு துண்டுகளின் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. படுகை காலியாகிக் காற்று வந்த பிறகே நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கின்றன. காலியாகக் கிடக்கும் நாலு மணி நேரம்தான் படுகையின் உழைக்கும் நேரம் என்று கூடச் சொல்லலாம்.

இதன் சாதகங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிபவை. கழிவுநீர் வெளியே தெரியாது, வாடை குறைவு, ஈ கிடையாது. தெளிக்கும் எந்திரம் எதுவும் வேண்டாம், வால்வு மட்டும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, நுழைவாய்க்கும் வெளியேற்றத்துக்கும் இடையே மூன்று நாலு அடி மட்ட வித்தியாசம் இருந்தால் ஒரு படுகையை நடத்திவிடலாம். தட்டையான ஊருக்கு இது பெரிய விஷயம். ஆண்டு முழுக்கப் பம்பு ஓட்டும் நிலக்கரிச் செலவு மிச்சம். மான்செஸ்டர் 1899-ல் நிபுணர் குழுவை வைத்து ஆராய்ந்து, டேவிஹுல்மில் கான்டாக்ட் பெட்டுகளையே ஏக்கர் ஏக்கராகக் கட்டியது. அந்த ஆண்டில் கையில் இருந்த சான்றுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் அதற்கே கை தூக்கியிருப்பேன்.

சரி, எங்கே இடித்தது? படுகையின் கொள்ளளவில். புதிதாக நிரப்பிய படுகையில் ஏறத்தாழ பாதி, துண்டுகளுக்கு இடையிலான வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் ஒவ்வொரு முறையும் நிரம்பும் தொட்டி. படலம் வளர்வதால் முதலில் கொஞ்சம் குறையும், அது நல்லதற்கே. ஆனால் குறைவது அத்தோடு நிற்பதில்லை. கழிவுநீரோடு வரும் மணல், நார், செரிக்க முடியாத துகள் எல்லாம் நின்ற நீரில் நிதானமாகப் படியும். கோக்கும் கிளிங்கரும் நொறுங்கித் தூளாகும், துண்டுகள் அமுங்கும். சில ஆண்டில் வெற்றிடம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நாளுக்கு மூன்று முறை நிரப்பினாலும் முன்பைவிடக் குறைந்த நீரே உள்ளே போகும். ஊரோ அதே காலத்தில் வளர்ந்திருக்கும். கூடுதல் நீரைச் சமாளிக்க ஓய்வு நேரத்தைக் குறைப்பார்கள். ஓய்வு குறைந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் அடைப்பு வேகமாகும். கடைசியில் ஏக்கர் கணக்கில் கோக்கை வெட்டியெடுத்து, அலசி, சலித்து, மறுபடி நிரப்ப வேண்டும். அந்தச் செலவை ஆரம்பத் திட்ட மதிப்பீட்டில் நேர்மையாகக் காட்டியவர்கள் குறைவு.

டிப்டினுக்கும் இது தெரியாமல் இல்லை. பின்னாளில் கோக்குக்குப் பதில் சிலேட் பலகைகளைச் சின்னக் கட்டைகள் வைத்து இடைவெளி விட்டு அடுக்கினார். வெற்றிடம் கூடியது, அடைப்பு குறைந்தது. ஆனால் சிலேட்டுக்குப் பிறகும் இன்னொரு படுகை தேவைப்பட்டது.

டிரிக்ளிங் ஃபில்டர்

லாரன்ஸ் கூழாங்கல் முடிவை எழுத்து மாறாமல் பின்பற்றியது இந்த வழிதான். சால்ஃபோர்ட் நகரப் பொறியாளர் ஜோசப் கார்பெட் 1893 வாக்கில் மரத் தொட்டிகளிலிருந்து ஒழுகவிட்டுப் பார்த்து, பிறகு நிலையான தெளிப்புக் குழாய்களுக்கு வந்தார். அக்ரிங்டனில் விட்டேக்கரும் பிரையன்ட்டும் சுழலும் கைகளை வைத்தார்கள். துளையிட்ட குழாய்க் கைகள், பீச்சும் நீரின் எதிர்விசையிலேயே தாமாகச் சுழன்று வட்டப் படுகை முழுவதும் தெளிக்கும். அதற்கென்று தனி எந்திரம் தேவையில்லை.

இங்கே படுகை எப்போதும் நிரம்புவதே இல்லை. நீர் கற்களின் மேல் ஏடாக வழிகிறது, இடைவெளி முழுவதும் காற்று. கான்டாக்ட் பெட்டில் காற்றும் நீரும் முறைவைத்து மாறி மாறி வருகின்றன. இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

பழுத்த படுகையிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் சாம்பலும் பழுப்பும் கலந்த வழுவழுப்பான தோல் தெரியும். வெளிச்சம் படும் மேல்வரிசைக் கற்களில் பச்சைப் பாசி. நகத்தால் சுரண்டினால் கல்லை ஒட்டிய அடி ஏடு கறுப்பாக இருக்கும், காற்று அதுவரை எட்டவில்லை என்று அர்த்தம். தோலுக்குள் மெல்லிய வெள்ளைப் புழுக்களும் ஈக்களின் புழுக்களும் மேய்ந்துகொண்டிருக்கும். இந்த மேய்ச்சல் முக்கியம். அடி ஏடு காற்றில்லாமல் பிடி தளர்வதும், புழுக்கள் குடைவதும் சேர்ந்து தோல் உரிந்து, வழியும் நீரோடு கீழே போய்விடும். வசந்த காலத்தில் வெப்பம் ஏறும்போது கூடை கூடையாக உரியும். கான்டாக்ட் பெட்டில் படிந்தது உள்ளேயே தங்குகிறது. இங்கே படுகை தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. ஐந்து ஆண்டு கழித்துக் காற்று போகுமா என்ற கேள்விக்கு உறுதியாக ஆம் என்று சொன்னது இந்தப் படுகை ஒன்றுதான்.

1908-ல் அரச ஆணையத்தின் ஐந்தாம் அறிக்கை இதை எண்ணில் சொன்னது. கான்டாக்ட் பெட் நாளாக ஆகக் கொள்ளளவு இழப்பதையும் கணக்கில் எடுத்தால், ஒரு கன கஜம் கல் டிரிக்ளிங் ஃபில்டராக இருக்கும்போது கான்டாக்ட் பெட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரைச் சுத்தம் செய்யும் என்றது. நீர்வரத்து ஏறி இறங்கினாலும் தாங்கும், வெளிவரும் நீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும் என்றும் சொன்னது. அதே அறிக்கை மறுபக்கத்தையும் மறைக்கவில்லை: வாடைத் தொல்லை இதில் அதிகம், ஈத் தொல்லையும் உண்டு.

அந்தத் தொல்லையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றில் தெளித்தால் கழிவுநீரில் உள்ள நாற்ற வாயு முழுக்க வெளியே வரும். படலத்தில் பிறக்கும் ஈக்கள் வெயில் காலத்தில் மேகமாக எழும். கடிக்காதுதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காரும்போது அதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. இன்னொன்று, ஆறு அடி ஆழக் கல், அதற்கு மேல் தெளிப்புக்கு அழுத்தம், கீழே வடிகால் எல்லாம் சேர்த்தால் எட்டுப் பத்து அடி மட்ட வித்தியாசம் வேண்டும். சரிவு இல்லாத ஊர் பம்பு வைத்தே தீர வேண்டும்.

முன்னால் வைக்கும் தொட்டி

எக்ஸிடர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் 1890-களின் நடுவில் மூடிய தொட்டியில் கழிவுநீரை ஒரு நாள் அளவுக்குத் தங்கவிட்டு, காற்றில்லாத நுண்ணுயிர்களை வைத்துக் கசடைக் கரைத்தார். செப்டிக் டேங்க் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அதில் எழுந்த வாயுவை எரித்து விளக்குகூடப் போட்டார்கள். கசடுத் தொல்லையே ஒழிந்தது என்று பல ஊர்கள் நம்பின, ஆனால் கரைந்தது ஒரு பகுதிதான். மீதி தொட்டியில் தங்கியது, தவறவிட்டால் படுகைக்கு வந்தது. எனவே இதைப் படுகைக்கு மாற்றாக எண்ணி ஒப்பிடுவதே பிழை. எந்தப் படுகையைத் தேர்ந்தாலும் முன்னால் ஒரு படிவுத் தொட்டி வேண்டும், அதைக் காலம் தவறாமல் தூர்வார வேண்டும். சட்டன் பாணியில் கழிவுநீரை நேராகப் படுகைக்கு விடுவதை நான் எந்த ஊருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் எந்த ஊருக்கு எது

நம் பத்தாயிரம் பேர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 காலன் என்றால் நாளுக்கு மூன்று லட்சம் காலன், சுமார் 13.6 லட்சம் லிட்டர். வயலுக்கு நூறு ஏக்கர், மணலுக்குப் பத்து. கன கஜத்துக்கு நாளுக்கு 50 காலன் என்று கான்டாக்ட் பெட்டுக்கும், 100 காலன் என்று டிரிக்ளிங் ஃபில்டருக்கும் உத்தேசமாக வைத்தால், நாலடி ஆழக் கான்டாக்ட் பெட்டுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கரும், ஆறடி ஆழ டிரிக்ளிங் ஃபில்டருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் போதும். கழிவுநீர் அடர்த்தியாக இருந்தால் இரண்டுமே பெரிதாகும், விகிதம் பெரிதாக மாறாது.

ஊரை ஒட்டி நல்ல மணல் நிலம் மலிவாகக் கிடைத்து, ஊரும் வேகமாக வளராது என்றால் மணலை விட்டு வேறு எதையும் பார்க்க வேண்டாம். தரம் உயர்ந்தது, கெட்டுப்போகும் பொருள் குறைவு. நியூ இங்கிலாந்து ஊர்கள் செய்தது சரியான தேர்வு. கீழே குடிநீர் எடுக்கும் ஆறாக இருந்தால் கொஞ்சம் அதிக விலை கொடுத்தும் மணலுக்குப் போகலாம்.

மணல் இல்லை, ஊர் வளர்கிறது, ஓரளவு சரிவு இருக்கிறது என்றால் டிரிக்ளிங் ஃபில்டர். பெரும்பாலான தொழில் நகரங்கள் இந்த வகை. பர்மிங்காம் பண்ணையை விட்டு இதற்குத்தான் மாறியது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரம் 1908-ல் இதைக் கட்டியது. ஆணையம் 1912-ல் தன் எட்டாம் அறிக்கையில், வெளிவிடும் நீரில் லிட்டருக்கு மிதக்கும் துகள் 30 மில்லிகிராமுக்கும், அழுக்கு சிதையும்போது ஐந்து நாளில் உறிஞ்சும் ஆக்சிஜன் 20 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது, ஆற்று நீர் எட்டு மடங்காவது கலக்க வேண்டும் என்று வரம்பு வைத்தபோது, நன்றாக நடத்தப்பட்ட டிரிக்ளிங் ஃபில்டர் அதற்குள் வந்தது. வீடுகளிலிருந்து தள்ளி, காற்று ஊரை நோக்கி வீசாத பக்கமாக இடம் பார்க்க வேண்டும். இடம் வாங்கும் நாளிலேயே இதைக் கவனிக்காவிட்டால் பின்னால் எந்த மருந்தும் உதவாது.

கான்டாக்ட் பெட்டை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது. தட்டையான நிலத்தில் ஒரு மருத்துவமனை, ஒரு விடுதி, வீடுகளுக்கு நடுவே சிக்கிய ஒரு சின்னக் குடியிருப்பு என்றால் ஈயும் வாடையும் இல்லாதது பெரிய வரம். அளவு சின்னது என்பதால் சில ஆண்டுக்கு ஒரு முறை துண்டுகளை வெளியே எடுத்துக் கழுவுவதும் தாங்கக்கூடிய வேலையே. பெரிய நகரத்துக்கு மட்டும் வேண்டாம். மான்செஸ்டர் ஏக்கர்களாகக் கட்டிய படுகைகளுக்குப் பக்கத்திலேயே, அதே டேவிஹுல்ம் ஆய்வகத்தில், ஆர்டெர்னும் லாக்கெட்டும் 1914-ல் கல்லே வேண்டாம், நீருக்குள் காற்றை ஊதி, படியும் கசடை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பயன்படுத்தினால் போதும் என்று காட்டினார்கள். அவர்களை அந்த வழியில் தூண்டியவர் கில்பர்ட் ஃபவுலர். 1912-ல் லாரன்ஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்த்து வந்தவர், சில ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அடைத்துக்கொள்ளும் படுகைகளோடு தினமும் மல்லுக்கட்டிய ஊரிலிருந்தே அடுத்த வழி பிறந்தது எனக்கு இயல்பாகத்தான் தோன்றுகிறது.

டிரிக்ளிங் ஃபில்டர் என்று முடிவெடுத்த ஊருக்குக் கடைசியாக ஒன்று. பணத்தைச் சுழலும் கையில் கொட்டாமல் கல்லில் போடுங்கள். பனியிலும் வெயிலிலும் உதிராத கடினமான கிளிங்கர் அல்லது கருங்கல் ஜல்லி, தூசி போகச் சலித்து, ஒரே அளவாக இருக்க வேண்டும். சின்னதும் பெரியதும் கலந்தால் சின்னது இடைவெளியை அடைக்கும், மேலே நீர் தேங்கும். அடித்தளத்தில் வடிகால் ஓடுகளைச் சுவர் வரை கொண்டுபோய் முனையைத் திறந்தே விட வேண்டும், காற்று நுழைவது அந்த வழியாகத்தான். படுகைக்குப் பின்னால், உரிந்து வரும் தோலைப் பிடிக்க இன்னொரு படிவுத் தொட்டி கட்டாயம் வேண்டும். சிக்கனம் என்று அதை விட்டுவிட்ட ஊரின் நீர் மார்கழியில் சோதனையில் தேறி, சித்திரையில் தவறிவிடும்.